ஒரு பானை, ஒரு பை: மால்ட்டிலிருந்து வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்குவது பற்றி

வாசகர் கேள்வி, மார்ச் 4, 2023

ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில் வசிக்கிறேன். கடையில் டின்னில் விற்கும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகையும் ஒரு கிலோ சர்க்கரையையும் கலந்து சில காலமாகப் பீர் செய்து வருகிறேன். இனி மால்ட்டிலிருந்தே தொடங்க ஆசை. வெந்நீருக்கு ஒன்று, ஊறவைக்க ஒன்று, கொதிக்கவைக்க ஒன்று என மூன்று பாத்திரங்களும் ஒரு பம்ப்பும் இல்லாமல் அது நடக்காது என்கிறார்கள். துணிப்பையில் செய்வது குறுக்குவழி என்றும், பையைப் பிழிந்தால் பீர் துவர்க்கும், கலங்கும், மால்ட்டின் சத்தும் பாதிதான் இறங்கும் என்றும் கேள்விப்பட்டேன். பணம் சேர்த்து மூன்று பாத்திரமே வாங்கிவிடலாமா?

மார்ச் 4, இரவு

வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை வைத்திருங்கள். நொதிக்கும் பீரைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு பழைய குளிர்ப்பெட்டி வாங்க அது உதவும்.

மூன்று பாத்திர முறை என்பது பீர் ஆலையைச் சிறிதாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்த முறை. ஒன்றில் வெந்நீர் காயும், மற்றொன்றில் அரைத்த மால்ட் ஊறும், சாறு வடிந்த பிறகு சக்கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வெந்நீர் ஊற்றிக் கழுவி எடுத்து மூன்றாவதில் கொதிக்கவைப்பார்கள். பை முறையில் கழுவும் வேலையே கிடையாது. தேவையான தண்ணீர் முழுவதையும் ஒரே பானையில் சூடாக்கி, அதற்குள் பையை விரித்து, மால்ட்டைக் கொட்டி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பையைத் தூக்கி வடித்து, அதே பானையில் அதே சாற்றைக் கொதிக்கவைத்தால் முடிந்தது. இது 2000களின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவில் வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் தமக்குள் பேசிப் பேசி உருவாக்கிய முறை. பிறகுதான் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போனது. இப்போது விற்பனையில் இருக்கும் ஒற்றைப்பானை மின்கருவிகள் பலவற்றில் பைக்குப் பதிலாகத் துளையிட்ட எஃகுக் கூடை இருக்கிறது; கூடவே சாற்றைச் சுழற்றும் பம்ப்பும் உண்டு. ஊறிய தானியத்தைப் பானையிலிருந்து தூக்கி வடிக்கும் யோசனை இரண்டிலும் ஒன்றுதான்.

இந்த முறையில் கருவிச் செலவு குறைகிறது என்பது உண்மை. அதற்கு ஈடாகக் கணக்கு கூடுகிறது. எத்தனை லிட்டர் தண்ணீரில் தொடங்குகிறீர்கள் என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். அதை நாளை எழுதுகிறேன்.

மார்ச் 5

தண்ணீர்க் கணக்கு. நொதிகலத்துக்குள் 21 லிட்டர் போக வேண்டும், 5 கிலோ மால்ட் என்று வைத்துக்கொள்வோம். பானையின் அடியில் தங்கும் வண்டலுக்கு 2 லிட்டர், ஒரு மணி நேரக் கொதிப்பில் ஆவியாகப் போவது 4 லிட்டர், சக்கை குடித்துவிடுவது கிலோவுக்கு 0.6 லிட்டர் வீதம் 3 லிட்டர். கூட்டினால் 30 லிட்டர். ஒரு கிலோ மால்ட் தண்ணீருக்குள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் பானையில் மட்டம் 33 லிட்டரைத் தாண்டும். ஆகவே 40 லிட்டர்ப் பானை வேண்டும். 30 லிட்டர்ப் பானை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிடாதீர்கள்.

இந்த எண்களில் சக்கை குடிப்பது எல்லார் வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆவியாவது மட்டும் பானையின் வாயகலத்தையும் அடுப்பின் வேகத்தையும் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும். அதனால் மால்ட் வாங்கும் முன்பே ஒரு மாலை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று அளந்து வையுங்கள். ஒரு மரக்கரண்டியின் காம்பில் லிட்டருக்கு ஒரு கோடு கிழித்துக்கொண்டால் அதுவே அளவுகோல். கொதிக்கும் நீர் ஆறும்போது நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது 23 லிட்டராகத் தெரிவது ஆறியபின் 22தான்.

மார்ச் 5, சற்றுப் பிறகு

மேலே சொன்ன 4 லிட்டர் வெளியில் வைக்கும் காஸ் அடுப்புக்கானது. சமையலறை மின்னடுப்பை நம்பி 30 லிட்டரில் இறங்க வேண்டாம். அது முனகும், தளதளவென்று கொதிக்காது. 2.4 கிலோவாட் மின்சுருளே 30 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 69க்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் எடுக்கும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பாதி அளவில் செய்யலாம்: 20 லிட்டர்ப் பானை, 2.4 கிலோ மால்ட், பதினைந்தரை லிட்டர் தண்ணீர், கிடைப்பது 10 லிட்டர் பீர். தூக்குவதும் எளிது, பீர் நன்றாக வரவில்லை என்றாலும் கொட்டுவதற்கு மனம் வரும்.

மார்ச் 7

பை எந்தத் துணியில் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். திரைச்சீலைக்குப் பயன்படும் பாலியஸ்டர் வாயில் துணிதான் தொடக்கத்திலிருந்தே இதற்கு வழக்கம். கண் நுண்ணியது, மாவைப் பெரும்பாலும் பிடித்து வைக்கும், ஆனாலும் சாறு தடையின்றி வடியும், கொதிநிலைக்கும் தாங்கும். அம்மாவின் பழைய வாயில் புடவை ஆகுமா என்று கேட்டவருக்கு: ஆகாது, அது பருத்தி. நூல் ஊறிப் பருத்துக் கண் அடைத்துக்கொள்ளும், துணி சுருங்கும், அம்மாவும் கோபித்துக்கொள்வார்.

பானையின் உள்ளளவுக்குச் சரியாக இல்லாமல், முழுப்பானையும் பைக்குள் அடங்கும் அளவுக்கு அகலமாகத் தையுங்கள். தையலைப் பாலியஸ்டர் நூலால் இரட்டையாகப் போட்டு, அடியில் குறுக்காக இரண்டு நாடாக்களை வைத்துத் தைத்தால் தூக்கும்போது எடை முழுவதும் தையலின் மேல் விழாது. ஊறி எழும் பை வடியும் முன் பத்துக் கிலோவைத் தாண்டும், கைப்பிடியும் சுடும். கராஜ் விட்டத்தில் ஒரு கப்பியைத் தொங்கவிட்டுக் கயிற்றால் இழுப்பதுதான் என் வழக்கம். தயிரைக் கட்டித் தொங்கவிட்ட துணி போலப் பை பானைக்கு மேலே நிற்கும். முதலில் சாறு தாரையாகக் கொட்டும், இரண்டு மூன்று நிமிடத்தில் அது நூலாகி, பிறகு சொட்டாகும். அந்த நேரத்திலேயே அடுப்பை மூட்டிவிடலாம். மூன்று பாத்திரக்காரர்கள் இந்தக் கட்டத்தில் சக்கை கழுவிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. பை உள்ளே இருக்கும்போது அடுப்பை எரிய விட வேண்டியிருந்தால், பானையின் அடியில் கேக் ஆறவைக்கும் கம்பித்தட்டு ஒன்றைப் போடுங்கள். இல்லாவிட்டால் துணி அடியில் ஒட்டி உருகும்.

மார்ச் 8

வெப்பநிலை. மால்ட்டுக்குள்ளேயே இருக்கும் நொதிகள்தான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அவற்றில் பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரியில் சுறுசுறுப்பாக இருந்து, ஈஸ்ட் முழுதும் தின்றுவிடக்கூடிய மால்ட்டோஸைத் தருகிறது. ஆல்ஃபா அமைலேஸ் 70ஐ ஒட்டி வேலை செய்து, ஈஸ்ட்டால் தின்ன முடியாத நீண்ட சங்கிலிகளையும் விட்டுவைக்கிறது. 64இல் ஊறவைத்தால் பீர் மெலிந்து வறண்டிருக்கும், 69இல் வைத்தால் வாயில் கனமாக நிற்கும். தொடங்குபவர் 66இல் நின்றுகொள்ளலாம்.

மால்ட் அறை வெப்பத்தில் இருக்கும் என்பதால் தண்ணீரைச் சற்று மேலே கொண்டுபோக வேண்டும். பை முறையில் கிலோவுக்கு 6 லிட்டர் தண்ணீர் இருப்பதால் இறக்கம் குறைவு: 20 டிகிரி மால்ட், 30 லிட்டர் தண்ணீர் என்றால் 69இல் கொட்டினால் 66இல் வந்து நிற்கும். கொட்டும்போது ஒருவர் கொட்ட, ஒருவர் கிளறட்டும். மாவு உருண்டை கட்டினால் உள்ளே உலர்ந்தே கிடக்கும். பிறகு அடுப்பை அணைத்து, மூடி போட்டு, பழைய கம்பளியால் பானையைச் சுற்றிவிட்டால் ஒரு மணி நேரத்தில் இரண்டு டிகிரிக்கு மேல் இறங்காது.

மார்ச் 12

இப்போது பிழிவது பற்றி. இது வீட்டுக்கு வீடு ஓதப்படும் சாத்திரம்: பையைப் பிழிந்தால் உமியிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின் இறங்கும். கையின் அழுத்தத்துக்கும் டானினுக்கும் தொடர்பில்லை. டானின் கரைவதற்குச் சாற்றின் பிஎச் (புளிப்பின் அளவு; எண் ஏறினால் புளிப்பு குறைவு) 6ஐ நோக்கி ஏற வேண்டும், வெப்பம் 77 டிகிரியைத் தாண்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தொல்லை. சக்கையை மேலும் மேலும் வெந்நீரால் கழுவும்போது சர்க்கரை குறையக் குறைய பிஎச் ஏறுகிறது என்பதால், இந்த அச்சம் மூன்று பாத்திர முறைக்குத்தான் அதிகம் பொருந்தும். பையில் கழுவலே இல்லை. ஆகவே தடித்த ரப்பர்க் கையுறை மாட்டிக்கொண்டு தாராளமாகப் பிழியலாம். எனக்குத் தெரிந்த ஒரே தீங்கு கை சுடுவதுதான்; அந்தச் சாறு வெல்லப்பாகு போலத் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

ஆனால் பிஎச் பற்றிய பேச்சு இத்துடன் முடியவில்லை. மால்ட் தன் இயல்பிலேயே சாற்றைப் புளிப்புப் பக்கம் இழுத்து 5.2 முதல் 5.6க்குள் கொண்டுவரும். பை முறையில் அதே மால்ட் இரு மடங்குத் தண்ணீரைச் சமாளிக்க வேண்டியிருப்பதால், உங்கள் தண்ணீரில் காரத்தன்மை கூடுதலாக இருந்தால் அது தோற்றுப்போகும். மெல்பர்னில் இருப்பவர்களுக்கு இது பெரிய கவலை அல்ல. நகரின் தண்ணீரில் பெரும்பகுதி காடு மூடிய நீர்ப்பிடிப்புகளிலிருந்து வருவதால் மிகவும் மென்மையானது. முர்ரே ஆற்றுத் தண்ணீரும் கலந்து வரும் அடிலெய்டில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கிருப்பவர்கள் சிறிது கால்சியம் குளோரைடும், தேவையானால் சில மில்லி லாக்டிக் அமிலமும் சேர்ப்பது நல்லது. பிஎச் பார்க்காமல் பையைப் பிழிந்து, பீர் துவர்த்து, பழியைப் பிழிந்த கையின் மேல் போட்டவர்கள் பலர் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

குழாய் நீரிலுள்ள குளோரினுக்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் ஒரு சிட்டிகை போதும். அதைத் தவிர்த்தால் பீரில் மருந்துக்கட்டு நாற்றம் வரும்.

மார்ச் 13

இங்கே வீட்டில் பீர் காய்ச்சலாமா என்று சென்னையிலிருந்து ஒருவர் கேட்டதற்குச் சுருக்கமாக: கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம். பீர்தானே என்று சட்டம் விட்டுவிடாது. ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் காய்ச்சும் பீருக்கு வரி இல்லை, ஆனால் விற்கக் கூடாது. அனுமதி இல்லாமல் வடிசாராயம் இறக்குவது இங்கும் குற்றம்தான். அமெரிக்காவிலேயே 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் கூட்டரசுச் சட்டம் வீட்டுப் பீரை அனுமதித்தது.

மார்ச் 19

"சத்து பாதிதான் இறங்கும்" என்ற குற்றச்சாட்டு பாக்கி. பாதி அல்ல, ஒழுங்காக அரைத்த மால்ட்டில் நூற்றுக்கு 70 முதல் 75 வரை எளிதாகக் கிடைக்கும். அரவைதான் திறவுகோல். மூன்று பாத்திர முறையில் உமியே வடிகட்டி என்பதால் அதை நொறுங்காமல் காக்க வேண்டும், அதனால் கொரகொரப்பாக அரைக்கிறார்கள். இங்கே துணி வடிகட்டுகிறது. ஆகவே நுண்ணிதாக அரைக்கலாம். கடையில் வாங்கும்போது ஆலையில் இரண்டு முறை ஓட்டித் தரச் சொல்லுங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் முழுமணி ஒன்றுகூடத் தென்படக் கூடாது, விரலில் வெள்ளை மாவு ஒட்ட வேண்டும். மிக்ஸியில் அடிக்கலாமா என்றால், அடிக்கலாம், ஆனால் களியாகிப் பை வடியவே வடியாது.

முதல் முறைக்கு என் பரிந்துரை: பேல் மால்ட் 4.7 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 300 கிராம். ஒரு மணி நேரக் கொதிப்பின் தொடக்கத்தில் பிரைட் ஆஃப் ரிங்வுட் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) 20 கிராம், முடிய 10 நிமிடம் இருக்கும்போது கேஸ்கேட் 30 கிராம். கசப்பு 27 அலகை ஒட்டி வரும். யுஎஸ்-05 ஈஸ்ட் ஒரு பொட்டலம், 18 முதல் 20 டிகிரியில். முதல் ஹாப்ஸ் மெல்பர்னின் ரிங்வுட் பகுதியில் உருவாக்கப்பட்டு ஆஸ்திரேலிய லாகர்களின் கசப்பாகவே ஆகிப்போனது. இரண்டாவது 1972இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. பிரைட் ஆஃப் ரிங்வுட்டைக் கடைசியில் போடாதீர்கள், முரட்டு வாசனை.

மார்ச் 26

கொதித்ததை எப்படி ஆறவைப்பது என்ற கேள்வியில் மற்றொரு ஆஸ்திரேலிய வழக்கம் வருகிறது. செப்புச் சுருளுக்குள் குழாய் நீரை ஓடவிட்டு ஆறவைப்பதே பாடப்புத்தக முறை. 2000களின் நீண்ட வறட்சியில் நீர்க்கட்டுப்பாடு இருந்தபோது அவ்வளவு தண்ணீரைச் சாக்கடையில் விடுவது பலருக்குப் பொறுக்கவில்லை. கொதிக்கும் சாற்றை அப்படியே உணவுத்தர எச்டிபிஈ பிளாஸ்டிக் ஜெர்ரி கேனில் ஊற்றி, காற்றை நெருக்கி வெளியேற்றி மூடி, கேனை ஒரு முறை சாய்த்து மூடியின் உட்பக்கத்தையும் சூட்டில் நனையவிட்டு, இரவு முழுவதும் தானாக ஆறவிடும் பழக்கம் பரவியது. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

இதில் இரண்டு விஷயங்கள் உண்டு. சாறு 80 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை ஹாப்ஸின் கசப்பு ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே மேலே 10 நிமிடத்தில் போடச் சொன்ன கேஸ்கேட்டைக் கேனிலேயே போட்டுவிடுங்கள். இரண்டாவது, வாரக்கணக்கில் கேனை அலமாரியில் வைத்திருப்பதைப் பற்றியது. பலர் வைக்கிறார்கள், ஒன்றும் ஆனதில்லை என்கிறார்கள். ஆனால் சாற்றின் பிஎச் 5ஐத் தாண்டியிருக்கும், காற்றும் கிடையாது. உணவை உயிர்கொல்லும் நஞ்சாக்கும் பொட்டுலிசம் கிருமிக்கு 4.6க்கு மேற்பட்ட பிஎச்சும் காற்றில்லாத இடமும்தான் வேண்டும். கொதிநிலையில் அதன் வித்து சாகாது. மறுநாளே ஈஸ்ட் போட்டால் அது பிஎச்சைக் கீழே இழுத்துவிடும், கவலை தீர்ந்தது. வைத்திருக்காதீர்கள் என்பதே என் கட்சி.

ஏப்ரல் 16

கேள்வி கேட்ட ஜீலாங் நண்பர் காய்ச்சிவிட்டார். சாற்றின் அடர்த்தி (தண்ணீர் 1.000 என்றால்) 1.047 வர வேண்டிய இடத்தில், அதை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.041 காட்டுகிறது, ஆகவே மூன்று பாத்திரக்காரர்கள் சொன்னது சரிதானே என்கிறார். கொதிப்பு முடிந்தபோது எத்தனை லிட்டர் இருந்தது என்று கேட்டேன். 26 என்கிறார்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். நாம் எதிர்பார்த்தது 23 லிட்டரில் 47 புள்ளி (1.047இன் கடைசி இரண்டு இலக்கம்), அதாவது 1081. அவருக்குக் கிடைத்தது 26 லிட்டரில் 41 புள்ளி, அதாவது 1066. எதிர்பார்த்த சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் இறங்கியிருக்கிறது, பைமீது குற்றமில்லை. மூன்று லிட்டர் தண்ணீர் கூடுதலாகத் தங்கிவிட்டது, அவ்வளவுதான். காற்றடிக்கும் முற்றத்தில் சிறிய காஸ் அடுப்பை வைத்திருக்கிறார், ஒரு லிட்டருக்குமேல் ஆவியாகவில்லை. அடுத்த முறை 27 லிட்டரில் தொடங்கலாம், அல்லது அடுப்பைச் சுற்றிக் காற்றுத்தடுப்பு வைத்துக் கொதிப்பைக் கூட்டலாம். வெறும் தண்ணீரை ஒரு மாலை கொதிக்கவைத்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்; அவர் அதைச் செய்யவில்லை என்பது கேட்காமலேயே தெரிகிறது.

அடர்த்தியை மட்டும் பார்த்து யாரும் முறையைக் குறை சொல்லாதீர்கள். லிட்டரும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது என்பதால் சூடான சாற்றில் மிதக்கவிட்டால் குறைத்துக் காட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 18

முதல் நாள் "வாங்க வேண்டாம்" என்று எழுதியதற்கு ஓர் எல்லை போட வேண்டும். ஸ்டவுட் போன்ற கனத்த பீர்களில் பை முறை தடுமாறும். 8 கிலோ மால்ட் என்றால் தண்ணீர் 32 லிட்டர், தானியம் அடைக்கும் இடம் ஐந்தரை லிட்டர். 40 லிட்டர்ப் பானை விளிம்பு வரை வந்துவிடும், கிளற முடியாது. சக்கையில் தங்கும் சாறும் இனிப்பானது என்பதால் இறங்கும் சத்து நூற்றுக்கு 60ஐ நோக்கிச் சரியும். தண்ணீரில் ஐந்தாறு லிட்டரை ஒதுக்கிவைத்து, தூக்கிய பையை வேறொரு வாளியில் அதில் முக்கி எடுத்துச் சேர்க்கலாம். அல்லது உலர்மால்ட் பொடியைக் கொதிப்பில் கலந்து அடர்த்தியைக் கூட்டலாம். முதலாவது கிட்டத்தட்டச் சக்கை கழுவுவதுதான் என்று மூன்று பாத்திரக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அத்தகைய பீரை மாதந்தோறும் காய்ச்சுபவருக்கு அவர்கள் முறையே பொருந்தும்.

மே 7

கலங்கல் பற்றி விட்டுப்போயிற்று. பையிலிருந்து வரும் சாறு மாவு கலந்து கலங்கலாகத்தான் இருக்கும், அது பீரின் தெளிவுக்கு அளவுகோல் அல்ல. கொதிப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது விர்ல்ஃப்ளாக் என்ற தெளியவைக்கும் மாத்திரையில் பாதி போட்டு, நொதித்தல் முடிந்தபின் மூன்று நாள் குளிர்ப்பெட்டியில் 2 டிகிரிக்குக் கொண்டுபோனால் தெளிந்துவிடும். ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகே பாட்டிலில் அடையுங்கள், லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை. அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும். கண்ணாடி என்றால் அது வேடிக்கையல்ல.

மே 9

சக்கையை என்ன செய்வது என்று கேட்டவருக்கு. பையை உடனே உள்வெளியாகத் திருப்பி உதறி, சோப்பில்லாமல் வெந்நீரில் அலசிக் காயப்போடுங்கள். மறுநாள் வரை விட்டால் புளித்து நாறும். சக்கையைக் கோழிகள் விரும்பித் தின்னும், உரக்குழியிலும் போடலாம், சிறிது எடுத்து ரொட்டி மாவில் பிசையலாம். அதில் ஹாப்ஸ் படவில்லை. ஆனால் கொதித்த பானையின் அடியில் தங்கும் பச்சை வண்டல் வேறு: ஹாப்ஸ் நாய்களுக்கு நஞ்சு, தின்றால் உடல் வெப்பம் தாறுமாறாக ஏறி உயிரே போகலாம். நாய் வளர்ப்பவர்கள் அதைத் தோட்டத்தில் கொட்டாமல், பொட்டலமாகக் கட்டி, மூடி போட்ட குப்பைத்தொட்டியில் போடுங்கள்.